ஐயர் முதலில் இறங்கிய ஊர்

இராஜபாளையம்,
12-11-1938

கர்த்தருக்குள் பிரியமான அத்தான் எலியேசர் அவர்களுக்கு, மைத்துனன் வேதசிரோமணி தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம், என் மானம் ஒன்றைத் தவிர. அக்காள் ஞானபாக்கியத்தின் முழங்கால் வலி குறைய ஜெபிக்கிறோம்.

ஐம்பது வருஷத்துக்கு முன் மிஷனெரி ஹாக்கின்ஸ் ஐயர் நம் பக்கம் வந்தபோது முதலில் இறங்கியது எங்கள் ஊரில்தான் என்று நாங்களும், ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் என்று நீங்களும் சண்டை போட்டது போதாதென்று, எங்கள் கமிட்டி அப்படியே எழுதி நினைவுக் கல்லே வெட்டிவிட்டது. ஐயர் சோழபுரம் வழியாக வந்தபடியே ஒருவர் வேஷம் போட்டு வந்து இறங்கி அதைத் திறக்க வேண்டுமாம். சபைக் காரியதரிசி என்பதால் என் முகத்தில் அரிசிமாவைப் பூசி, பஞ்சுத் தாடியும் ஒட்டினார்கள். ஐயருக்கு அப்போது தமிழ் தெரியாதாம். ஆகையால் நானும் தமிழில் வாய் திறக்கக் கூடாதென்று தீர்மானம். வண்டிக்கு உங்களிடம் காளைகளை இரவல் வாங்கினேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

எங்கள் கோயில் வாசலில் தோரணத்தைப் பார்க்க வண்டிக்காரன் பேச்சிமுத்து இறங்கினான். காளைகள் நிற்கவில்லை. தமிழில் அதட்டினால் தீர்மானம் கெடும். "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று கத்தினேன். உங்கள் மாட்டுக்கு இங்கிலீஷ் ஏது? ஜனங்களோ, "ஏலே, அசல் ஐயர் மாதிரியே பேசுதாரு!" என்று கைதட்டிக் கீர்த்தனையை இன்னும் உரக்கப் பாடினார்கள். ஏழு மைல் ஓடி, காளைகள் உங்கள் தொழுவத்தில்தான் நின்றன. அக்காள் எட்டிப் பார்த்து, "ஐயோ, தொரை ஒருத்தரு மாட்டுத் தொட்டியில தண்ணி குடிக்காரு!" என்று அலற, நீங்கள் சபையோடு ஓடிவந்து எனக்கு மாலை போட்டு, "ஐயர் முதலில் இறங்கியது எங்க ஊருதான், நிரூபணம் ஆயிட்டு" என்று உங்கள் சபை நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டீர்கள். இது நியாயமா, அத்தான்?

இங்கே என்னை, "அக்கா வீட்டுச் சோத்துக்கு ஊரையே வித்துட்டான்" என்கிறார்கள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என்னைக் காரியதரிசி பதவியிலிருந்து நீக்கக் கூட்டம். அதற்குள் அந்தப் பக்கத்தைக் கிழித்து, ஐயர் இறங்கியது இராஜபாளையத்தில்தான் என்று எழுதி அனுப்புங்கள். இல்லையேல் இந்தக் கிறிஸ்துமஸுக்கு உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன். இது சத்தியம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்களைக் காக்கட்டும், உங்கள் காளைகளை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வே. வேதசிரோமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் குருவானவர் ஓடிவந்தார். பழைய பெட்டியில் ஐயருடைய டைரி கிடைத்துவிட்டதாம். சோழபுரத்தில் வண்டி அச்சு முறிந்து, அங்கேயே ஒரு வாரம் இருந்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டாராம். நம் இரண்டு ஊரையும் அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கல்லைக் கொண்டுபோகச் சோழபுரத்தார் வெளியே நிற்கிறார்கள். பண்டிகைக்கு எனக்கும் சேர்த்து அரிசி ஊறப்போட அக்காளிடம் சொல்லுங்கள்.