ஒற்றை வாலன் ஐந்து முறை பிடிபட்ட கதை

எதையும் எண்ணாமல் விட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. எங்கள் மாடிப்படி பதினேழு. வீட்டிலிருந்து திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையம் ஆயிரத்து நூற்று நாற்பது காலடி (மழைக்காலத்தில் குட்டையைச் சுற்ற வேண்டும், அறுபது கூடும்). இந்தத் திறமையை வைத்துத்தான் 2008-ல் என் மருமகளின் எம்.ஃபில். பட்டத்தை மூழ்கடிக்கப் பார்த்தேன்.

மருமகள் மேரி சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஆற்றிலுள்ள பூச்சிகளைப் பார்த்துத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று சொல்வது அவள் ஆராய்ச்சி. மூன்று வால் பூச்சி நிறைய இருந்தால் நல்ல தண்ணீர். வெறும் சிவப்புப் புழு என்றால் சாக்கடை. வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுத்தாக வேண்டும். மகன் வெளியூரில். எனவே செவ்வாய்க்கிழமை கெடிலம் ஆற்றுக்குத் துணையாக நான் போனேன்.

"நான் வலை போடுறேன். நீங்க எண்ணி எழுதிட்டு, ஆத்துலயே விட்டுடுங்க மாமா."

"எண்ணுறதுக்கு எனக்கே பாடமா?"

ஓரிடத்தில் வலை போட்டதும் மேரி ஆற்றோட்டத்துக்கு எதிராகப் பத்தடி மேலே போவாள். கலங்கல் கீழே போய்விடுமாம். நான் கரையில் தட்டும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்தேன். சிவப்புப் புழுக்களைக் கீழ்ப்பக்கம் விட்டேன் (அவை சாக்கடைக்குப் பழகியவை). மூன்று வால் பூச்சிகளை அப்படி விட மனம் வரவில்லை. டம்ளரில் ஏந்திப்போய், மேலே கொஞ்சம் தெளிந்த தண்ணீரில் விட்டேன். சரியாக, அடுத்த வலை விழப்போகும் இடத்தில்.

ஐந்து வலையில் மூன்று வால் பூச்சிகள்: மூன்று, ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது. கூட்டினால் முப்பத்தொன்று!

"மேரி, நம்ம கெடிலம் தங்கம்மா!" என்று கத்தினேன்.

மறுநாள் சிதம்பரம் போய்த் திரும்பியவள் என் நோட்டை நீட்டினாள். "மாமா, எங்க கைடு மேடம் கேக்குறாங்க. அஞ்சு தட்டுலயும் 'இரண்டு வால் அறுந்தது – 1'ன்னு எழுதியிருக்கீங்களே, அதெப்படி?"

"இருந்துச்சு, எழுதுனேன்."

"எண்ணிட்டு எங்க விட்டீங்க?"

"மேலதான். கீழ ஒரே சாக்கடை, பாவம்."

மேரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று பயந்தேன். தோள் குலுங்கியது சிரிப்பில்.

"ஏங்க, ஒரே ஆள அஞ்சு தடவ ஓட்டு போட வச்சிருக்கீங்களே!" என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்து.

வியாழன் காலை மறுபடி போனோம். எண்ணியவை எல்லாம் வாளிக்குள். கடைசி வலை முடிந்த பிறகே விடுதலை. மொத்தம் ஒன்பதுதான். தண்ணீர் மோசம் என்று முடிவு வந்தது. அதைக் கேட்டு ஆனந்தப்பட்ட ஒரே கடலூர்க்காரன் நானாகத்தான் இருப்பேன். அறிக்கை வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது, பட்டமும் வந்தது.

2012-ல் சின்ன மகள் கல்யாணம், முதுநகர் மண்டபத்தில். பந்தியில் ஆள் எண்ண நின்றேன்.

"மாமா, சாப்ட்டவங்கள வாசப்பக்கம் விட்டுடாதீங்க, திரும்ப வந்துடுவாங்க!" என்றாள் மேரி, ஊருக்கே கேட்கும்படி.

ஒரு பெரியவர் நிஜமாகவே மூன்று பந்தியிலும் உட்கார்ந்திருந்தார். இந்த முறை நான் ஏமாறவில்லை, ஒன்றாகவே எண்ணினேன். பெயர் தெரியாததால் நோட்டில் 'ஒற்றை வாலன் – மூன்று பந்தியிலும்' என்று குறித்தேன்.

அவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. நோட்டு அவர் கையிலேயே கிடைத்தது.

இன்றும் போன் செய்தால், "ஒத்த வாலன் பேசுறேன் சம்பந்தி" என்றுதான் ஆரம்பிக்கிறார்.