மஞ்சள் காகிதத்தில் ஜீன் பரிசோதனை

வடமாலபேட்டையில் இறங்கினால் வழி கேட்கவே வேண்டாம். திருமலையில் மொட்டை போட்ட கையோடு ஒரு கூட்டம் போகும். பின்னாலேயே போனால் ஜீன் சாமி என்கிற நாகேந்திர சாமியின் ஆசிரமம்.

ஊரெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனி முளைத்த காலம் அது. வேப்பிலை பழசாகிவிட்டதல்லவா? நாகேந்திர சாமியும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். அதில் ஜீன் படமென்று முறுக்கிக்கொண்ட ஏணி ஒன்று நாள் முழுக்கச் சுற்றும். வாசலில் போர்டு: 'ரத்தப் புற்றுநோயா? மெத்திலேஷன் தோஷம் நீக்கப்படும்.' அப்படியென்றால் என்னவென்று பக்தருக்கும் தெரியாது, சாமிக்கும் தெரியாது. இரண்டு அறியாமை சேர்ந்தால் அதற்குப் பெயர் நம்பிக்கை!

நோயாளி ஒரு மஞ்சள் காகிதத்தை நாக்கில் தொட்டுத் தர வேண்டும். சாமி செம்பிலிருந்து 'ஜீன் தீர்த்தம்' தெளிப்பார். காகிதம் சிவக்கும். "உன் ஜீனு பூட்டிக்கினு கீது!" என்பார். கூட்டம் "கோவிந்தா!" போடும். வீட்டுக்கு வீடு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைக்கிற கூட்டம்தான் ஐயா! பக்கத்தில் கம்ப்யூட்டர் இருந்ததும் ஆரத்தி மறந்துபோயிற்று.

நகரியில் பவர்லூம் ஓட்டும் முனிகிருஷ்ணனுக்கு நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரி மாத்திரையால் மூன்று வருடம் நன்றாக நடமாடியவர், சாமி சொன்னதும் மாத்திரையை நிறுத்தினார். நாற்பது நாளில் மண்ணீரல் வீங்கி வயிறு புடைத்துவிட்டது. "தோஷம் கீழ எறங்குது" என்றார் சாமி. இறங்கியது தோஷமா, உயிரா?

அன்றும் காகிதம் சிவந்தது. முனிகிருஷ்ணனின் மனைவி தாட்சாயணி எழுந்தாள்.

"சும்மா இர்மே, சாமி கோவிச்சுக்கும்" என்றார் முனிகிருஷ்ணன்.

அவள் கேட்கவில்லை. காலையில்தான் மஞ்சள் பூசிய தாலிக்கயிற்றின் நுனியைச் செம்பில் முக்கினாள். கயிறு பளிச்சென்று சிவந்தது.

"இன்னா சாமி, இந்தக் கயித்துக்கும் ரத்தப் புத்துநோயா? இதுக்கு ஜீனு எங்க கீது?"

"ஐயோ, தாலிய நனைக்கலாமா? அபசகுனம்!" என்று பதறினார் சாமி.

"நனைஞ்சா ஒண்ணும் ஆவாது. எம் புருசன் மாத்திரைய நிறுத்தினாத்தான் இது அறுந்துபூடும்!"

வெற்றிலை மென்றுகொண்டிருந்த ரத்னம்மா என்ற பக்தை செம்பில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். "அட, நம்ம சுண்ணாம்புடீ!"

கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் சாமி பின்பக்க வேலியைத் தாண்டியிருந்தார். வேட்டி மட்டும் முள்ளில் தங்கியது.

முனிகிருஷ்ணனைப் பார்த்த திருப்பதி டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "மெத்திலேஷன் நெசம்தாம்மா. ஒரு சின்ன ரசாயனம் ஜீன் மேல ஒட்டிக்கினு அத வேல செய்ய உடாது. அதப் பாக்கப் பெரிய லேப் வேணும், செம்பு போதாது." மாத்திரையை மறுபடி தொடங்கினார். பழையபடி கேட்குமா என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியுமாம்.

இத்தனை ஜனத்தில் ஒருத்தர் முதல் நாளே 'அது என்ன தண்ணீர்?' என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சாமி கண்ணைக் குத்துமாம். கேட்காமல் இருந்தீர்களே, முனிகிருஷ்ணனின் நாற்பது நாளை எந்தச் சாமி திருப்பித் தரும்?