எல்லைக்கல்லின் மேல் ஒரு மேஜை

மேஜை ஆடியது.

சக்கரபாணி குனிந்து அதன் கால்களைப் பார்த்தார். மேஜை மேல் குற்றமில்லை. எல்லைக்கல்லை நடுவில் விட்டு, இரண்டு கால் பிரிட்டிஷ் இந்தியாவிலும் இரண்டு கால் பிரெஞ்சு இந்தியாவிலும் ஊன்றும்படி அவர்தான் போடச் சொல்லியிருந்தார். பிரிட்டிஷ் மண் கொஞ்சம் மேடு, பிரெஞ்சு மண் கொஞ்சம் பள்ளம். எல்லை பிரித்தபோது இரண்டு ராஜாங்கத்துக்கும் அங்கே மேஜை போடும் உத்தேசம் இருக்கவில்லை போலிருக்கிறது.

"சவுரிராயன், ஒரு செங்கல் கொண்டாங்க," என்றார், தன்னை ஏற்றி வந்த வண்டிக்காரரிடம்.

சவுரிராயன் வேலியோரமாகக் கிடந்த ஒரு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நில்லு!" என்று கையை நீட்டினார் நாவக்குப்பத்துத் தலைவர் நடராசன். "அது எந்த ஊருச் செங்கல்லு?"

"இலுப்பப்பட்டு சூளைதுங்க."

"எங்க மண்ணுல அவங்க செங்கல்லா? இன்னிக்கு செங்கல்ல வெப்பாங்க. நாளைக்கு செவுரு எழுப்புவாங்க."

"சரிங்க, உங்க ஊர் செங்கல்லையே வெச்சிடுவோம்," என்றார் சக்கரபாணி.

எதிரே இருந்த இலுப்பப்பட்டுத் தலைவர் பெரியதம்பி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அப்ப மேஜை அவன் தயவுல நிக்குதுன்னு ஆவும். நாளைக்கு அவன் செங்கல்ல உருவிக்கினு போனா, நாங்க கவுந்து வுழுவணுமா?"

கடைசியில் மேஜையைத் தூக்கிப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடக் கொட்டகையில் போட்டார்கள். சக்கரபாணி தன் படுக்கையிலிருந்து பாயை உருவி எல்லைக்கல்லின் மேல் விரித்தார். பாய்க்குக் கால் கிடையாது என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

விழுப்புரத்துக்குக் கிழக்கே கொஞ்ச தூரம் போனால், எல்லைக்கோடு சின்னக் குழந்தை போட்ட கோலம் மாதிரி தாறுமாறாக ஓடும். இந்தப் பக்கம் இலுப்பப்பட்டு, பிரிட்டிஷ் ஊர். அந்தப் பக்கம் நாவக்குப்பம், பிரெஞ்சு ஊர். இரண்டிலும் ஒரே சனம்தான், பெண் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு. ஏரியும் மதகும் இலுப்பப்பட்டில் இருந்தன. அந்தத் தண்ணீர் பாயும் வயலில் பாதி நாவக்குப்பத்தில் இருந்தது. இலுப்பப்பட்டு வண்டிகள் விழுப்புரம் போக வேண்டுமானால் நாவக்குப்பத்துத் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

தை மாதத்தில் ஏரி மீனை யார் பிடித்தார்கள் என்று ஒரு பேச்சு எழுந்தது. பேச்சு ஏச்சாகி, ஏச்சு கைகலப்பாயிற்று. இலுப்பப்பட்டார் மதகை அடைத்தார்கள். நாவக்குப்பத்தார் தெருவில் முள் வெட்டிப் போட்டார்கள். இப்போது மாசி. அந்த ஊரில் நட்ட நாற்று மஞ்சளாகிக் கொண்டிருந்தது. இந்த ஊரில் அறுத்த நெல் மில்லுக்குப் போக வழியில்லாமல் மூட்டையிலேயே புழுங்கிக் கொண்டிருந்தது. யாராவது ஒருவன் கழியை ஓங்கினால் இரண்டு ராஜாங்கத்துப் போலீசும் வந்து இறங்கும் என்ற நிலைமை.

இதில் சக்கரபாணிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அவர் திண்டிவனம் சர்வதேச சமாதான சங்கத்தின் காரியதரிசி. சங்கம் எந்த ராஜாங்கத்தையும் சேர்ந்ததல்ல, எந்தக் கட்சியையும் சேர்ந்ததல்ல. அவருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும். சீனாவில் நடக்கும் சண்டையை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போடும், ஸ்பெயினில் நடப்பதையும் நிறுத்தச் சொல்லும். சீனாவும் ஸ்பெயினும் திண்டிவனத்தைச் சட்டை செய்யவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் தலைவர் டாக்டர் கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"பேசினா சண்டை நிக்கும்னு சொல்லிக்கினே இருக்கீங்க, சக்கரபாணி. எங்கியாவது நின்னுதா? போன வருஷம் சீமையில பெரிய பெரிய ஆளுங்கள்லாம் ஒக்காந்து பேசினாங்க. இப்ப இன்னா ஆச்சு? பக்கத்துல ரெண்டு ராஜாங்கத்து ஊருங்க அடிச்சிக்கப் போவுது. அதை நிறுத்திக் காட்டுங்க. முடியலன்னா வர்ற ஞாயிறோட சங்கத்தைக் கலைச்சிட்டு, மாடியை சீட்டாட்டத்துக்கு வுட்டுடலாம்."

அங்கத்தினர்கள் கை தட்டினார்கள். சீட்டாட்டம் என்ற வார்த்தைக்குத்தான் அதிகம் தட்டினார்கள்.

சக்கரபாணிக்கு அந்தச் சங்கம் பொழுதுபோக்கு அல்ல. அவருடைய அண்ணன் விருத்தாசலம் போன மகா யுத்தத்தில் மெசபடோமியாவுக்குப் போனவர். போனவர்தான். எந்த ராஜாவுக்கும் எந்த ராஜாவுக்கும் என்ன தகராறு என்று அண்ணனுக்கும் தெரியாது, அனுப்பி வைத்த அம்மாவுக்கும் தெரியாது. நடுவில் யாராவது ஒருத்தர் உட்கார்ந்து பேசியிருந்தால் அண்ணன் வீட்டுக்கு வந்திருப்பார் என்று சக்கரபாணி நம்பினார். சங்கத்தைக் கலைத்தால் அந்த நம்பிக்கையையும் கலைக்க வேண்டும். அது அவரால் ஆகாது.

ஆகவே பாயில் உட்கார்ந்தார். மடியில், தேசங்களின் சபை கூடும் ஜெனீவாவிலிருந்து வரவழைத்த கையேடு இருந்தது. நடுவர் சுடுசொல்லை ஆற்றிக் கொடுக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்க வேணாம். என்கிட்ட சொல்லுங்க. நான் அவருக்குச் சொல்றேன்," என்றார்.

பெரியதம்பி தொண்டையைக் கனைத்தார். "மதகைத் தொட்டா கையை ஒடிப்பேன்னு சொல்லுங்க அவங்கிட்ட."

சக்கரபாணி நடராசன் பக்கம் திரும்பினார். "மதகோட க்ஷேமத்துல இவருக்கு ரொம்ப அக்கறைன்னு சொல்றார்."

"நான் எங்கய்யா அக்கறைன்னேன்? ஒடிப்பேன்னேன்!"

"ஆமா, ஒடிப்பேன்னுதான் சொன்னாரு," என்றார் நடராசன். "எங்காதுலதான் வுழுந்துச்சே. நீ ஏன்யா மாத்திச் சொல்றே? சரி, நான் சொல்றதைச் சொல்லு. அவன் வண்டி எங்க தெருவுல வந்தா, மாட்டை அவுத்து வுட்டுட்டு வண்டியைக் கொளுத்திடுவேன்."

"போக்குவரத்துல சில சிரமங்கள் இருக்கிறதா இவர் அபிப்பிராயப்படறார்."

"யோவ்!" என்றார்கள் இரண்டு பேரும்.

அன்றைய பேச்சு அத்தோடு நின்றது. ஆற்றிக் கொடுத்ததில் இரண்டு பேருக்கும் சூடு கூடிவிட்டது. பெரியதம்பி தன்னைக் கோழையாக்கி விட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நடராசன் முள்ளுக்கு மேல் இன்னும் ஒரு வரிசை முள் போடச் சொன்னார்.

சக்கரபாணி மறுநாள் விடியற்காலையில் கையேட்டைப் புரட்டினார். இரு தரப்பாரும் தங்கள் தேசத்தில் மங்களமாகக் கருதும் பொருளைப் பரிமாறிக்கொள்ளச் செய்தால் மனம் இளகும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அவர் சவுரிராயனை அழைத்துக்கொண்டு விழுப்புரம் கடைத்தெருவுக்குப் போனார். இரண்டு தாம்பாளம், வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், பூ, மஞ்சள் குங்குமம் எல்லாம் வாங்கினார். சமாதானம் சத்தமில்லாமல் வரக்கூடாது என்று ஒரு மேளக்காரரையும் அழைத்து வந்தார்.

"ஐயா, இதெல்லாம் எதுக்குங்க?" என்று சவுரிராயன் வழியில் ஒரு தடவை கேட்டார்.

"பார்த்துக்கினே இருங்க," என்றார் சக்கரபாணி. அவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். விசேஷங்களுக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் உலக நிலவரம் பேசிவிட்டு வந்துவிடுவார்.

சாயங்காலம் இரண்டு ஊர் சனமும் கூடியிருந்தது. சக்கரபாணி ஒரு தாம்பாளத்தைப் பெரியதம்பி கையிலும் இன்னொன்றை நடராசன் கையிலும் சட்டென்று வைத்தார். "அவர் தட்டை நீங்க வாங்கிக்குங்க, உங்க தட்டை அவர்கிட்ட குடுங்க. ம், ஆகட்டும்!"

பூவும் மஞ்சளும் வைத்த தட்டை நீட்டினால் யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? கைகள் பழக்கத்தில் நீண்டன. தட்டு மாறியது. எத்தனையோ நிச்சயதார்த்தம் பார்த்த மேளக்காரருக்குக் கை தானாகவே ஓடியது. மங்கள வாத்தியம் முழங்கியது.

"அடப் பாவி மவனே!" என்று கூட்டத்திலிருந்து ஓர் அலறல். பெரியதம்பியின் மனைவி அம்மணி தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "எம்பொண்ணை நடராசன் மவனுக்கு நிச்சயம் பண்ணிட்டீங்களே! முகையூர்ல இருக்கிற எந்தம்பிக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

பெரியதம்பியின் மகள் கிருஷ்ணவேணிக்குப் பங்குனியில் தாய்மாமன் கிருஷ்ணசாமியோடு கல்யாணம். நடராசனுக்கோ கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தான். ஊரறியத் தட்டு மாற்றியாகிவிட்டது. மேளமும் கொட்டியாகிவிட்டது.

"நீ ஏன் குடுத்தே?" என்றார் நடராசன்.

"நீ ஏன் வாங்கினே?" என்றார் பெரியதம்பி.

சேதி முகையூருக்குப் பறந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் கிருஷ்ணசாமி ஆட்களோடும் கழிகளோடும் வந்து இறங்கினார். வந்ததும் அவர் மதகைப் பற்றிக் கேட்கவில்லை, முள்ளைப் பற்றியும் கேட்கவில்லை.

"எவன்யா அந்தக் கல்யாணத் தரகன்?" என்றார்.

இரண்டு ஊர்ச் சண்டை மூன்று ஊர்ச் சண்டையாகிவிட்டது. சக்கரபாணிக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் அண்ணன் முகம் கண் முன் வந்து நின்றது. ஓடிப்போனால் ஞாயிற்றுக்கிழமை சீட்டாட்டம். அவர் பாயின் மேல் ஏறி நின்றார்.

"பேச்சுல வந்த சிக்கலைப் பேச்சாலதான் தீர்க்கணும்! நான் போகப் போறதில்லை. இங்கேயே தங்கறேன். தினம் காலையில ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம். வைகாசி ஆனாலும் சரி, ஆடி ஆனாலும் சரி. முகையூர்க்காரங்களுக்கும் இடம் உண்டு. கடலூர் கலெக்டருக்கும் புதுச்சேரி கவர்னருக்கும் எழுதி, ஆள் அனுப்பி எல்லையை அளக்கச் சொல்றேன். பிள்ளைங்களுக்கு ராத்திரியில சமாதானப் பாடம் எடுக்கறேன். பெண்களுக்குத் தனிக் கூட்டம்!"

மூன்று ஊர் சனமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கிருஷ்ணசாமியின் ஆட்கள் கழிகளைக் கீழே இறக்கினார்கள். மனம் இளகுகிறது என்று சக்கரபாணி நினைத்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்ததும் சவுரிராயன் கொட்டகைக்கு வந்து தலையைச் சொரிந்தார்.

"ஐயா, அந்தப் பாயி ஒரு வேலையா வேணுங்க. காலையில குடுத்துடறேன்."

"எடுத்துக்கினு போங்க."

அன்றைக்கு அவர் மேஜை மேல் படுத்தார். அது அப்போதும் ஆடியது. தூரத்தில் பல குரல்கள் கேட்டன. அடிதடி தொடங்கிவிட்டது, எல்லாம் என்னால்தான் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. பேசினால் சண்டை நிற்கும் என்பது பொய்தானா? பொய் என்றால் அண்ணன் போனது விதி என்று விட்டுவிட வேண்டியதுதானா? அழுதபடியே தூங்கிப் போனார்.

காலையில் கண் விழித்தபோது பெரியதம்பியும் நடராசனும் எதிரே சேர்ந்து நின்றார்கள். சேர்ந்து சிரித்தார்கள்.

"மதகைத் தொறந்தாச்சுங்க," என்றார் பெரியதம்பி.

"முள்ளை எடுத்தாச்சுங்க," என்றார் நடராசன்.

சக்கரபாணி எழுந்து உட்கார்ந்தார். "தட்டு மாத்தினது?"

"அது தெரியாம நடந்ததுன்னு ரெண்டு பேருமே எழுந்து மாமனாண்ட சொல்லிட்டோம். பங்குனியில அவருக்குத்தான் கல்யாணம்."

"கிருஷ்ணசாமி ஒத்துக்கிட்டாரா?"

"அவருதாங்க வெளியில வண்டிக்கு வைக்கோல் பரப்பிக்கினு இருக்காரு. நீங்க குலுங்காம போவணுமாம்."

"எந்த வண்டிக்கு? மீன் விஷயம் பாக்கி இருக்கே. இன்னும் ரெண்டு நாள் இருந்து அதையும்..."

"மீனை ஏலம் வுட்டு கோயிலுக்குக் குடுத்துடறோம்!" என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில். "ஜல்தியா கெளம்புங்க, ரயிலு பூடும்."

ஒருவர் அவருடைய படுக்கையைச் சுருட்டினார், இன்னொருவர் பெட்டியைத் தூக்கினார். அம்மணி வறுத்த மல்லாட்டைக் கடலையும் கேப்பை அடையும் மூட்டை கட்டி வைத்திருந்தாள். பாயும் உதறிச் சுருட்டி வந்து சேர்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து ஓடியது. மஞ்சள் நாற்றின் காலடியில் அது ஏறுவதைச் சக்கரபாணி நின்று பார்த்தார். அண்ணா, சண்டை நின்றுவிட்டது பார், என்று மனதுக்குள் சொன்னார்.

மூன்று ஊர் சனமும் தெருவில் நின்று கும்பிட்டது. வண்டி தெருமுனை திரும்பும் வரையில் யாரும் நகரவில்லை.

விழுப்புரம் ஸ்டேஷனில் சவுரிராயன் பெட்டியை இறக்கி வைத்தார். சக்கரபாணி கிளம்ப மனசில்லாமல் நின்றார்.

"சவுரிராயன், சீமையில பெரிய சண்டை மூளும்போல இருக்கு. எத்தனை வீட்டுப் பிள்ளைங்க போய்ச் சேருமோ தெரியலை. நான் பேசினதுல எந்த வார்த்தை இவங்க மனசை மாத்துச்சுன்னு தெரிஞ்சா, இன்னிக்கே ஜெனீவாவுக்கு எழுதிடுவேன். நீங்க கூடவே இருந்தீங்களே, எது?"

சவுரிராயன் மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரி பண்ணினார். பிறகு மறுபடியும் சரி பண்ணினார்.

"சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சேச்சே. சொல்லுங்க."

"எந்த வார்த்தையும் இல்லீங்க. உங்கள எப்படி ஊரை வுட்டு அனுப்பறதுன்னு பேசத்தான் மூணு ஊரும் நேத்து உங்க பாயில ஒண்ணா ஒக்காந்துச்சி, பேசிக்கினே இருந்ததுல மத்ததெல்லாம் தன்னால தீந்துபூட்ச்சி. அதனால ஜெனீவாக்கு எழுதாதீங்க ஐயா, பாயை எடுத்துக்கினு நீங்களே நேர்ல போங்க!"