திருத்தம் அண்ணை பிடித்துவந்த நேயர்கள்

உலகத்தில் எல்லாரும் கேட்பதற்காக ரேடியோ வாங்குவார்கள். திட்டுவதற்காகவே வாங்கியவர் ஒருவர்தான். அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. டொராண்டோவில் எங்களுக்கு அவர் 'திருத்தம் அண்ணை'.

எண்பதுகளில் அங்கே படித்துக்கொண்டிருந்தபோது, நேயர்களின் நன்கொடையில் ஓடிய ஒரு சின்ன வானொலியில் ஞாயிறுதோறும் அரை மணி நேரம் தமிழ் நிகழ்ச்சி நடத்தினேன். இந்த மதுரைக்காரனின் தமிழ் யாழ்ப்பாணத்து அண்ணைக்குப் பொறுக்காது. நிகழ்ச்சி முடிந்த கையோடு போன் வந்துவிடும்.

"தம்பி, ஒரு திருத்தம். குளிர் 'ஜாஸ்தி' எண்டு சொன்னனீர். ஏன், 'கூட' எண்டு சொன்னால் வாய் நோகுமோ?"

ஒருமுறை நான் இருமியதற்கும் திருத்தம் வந்தது.

ஒரு குளிர்காலத்தில் நன்கொடை வாரம் வந்தது. "உங்கள் நேயர்கள் போன் செய்து பணம் தருவதாகச் சொல்லாவிட்டால், இந்த அரை மணியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவோம்" என்றார் நிலையத்தை நடத்திய அம்மாள். முந்தின வாரமே அறிவித்தேன். அந்த ஞாயிறு மைக்கில் கெஞ்சினேன். போன் ஊமையாகக் கிடந்தது. ஒரு பாட்டை ஓடவிட்டு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. பூட்ஸ் நிறையப் பனியோடு ஒருவர். பின்னால் டோர்செட் பார்க் என்ற பகுதியில் அவர் குடியிருந்த கட்டடத்துத் தமிழர்கள் அத்தனை பேரும், கைக்குழந்தை உட்பட.

"இவையளுக்குப் போனிலை இங்கிலீஷ் கதைக்கப் பயம், தம்பி. அதுதான் ஆக்களையே ஏத்திக்கொண்டு வந்திட்டன்."

குரலைக் கேட்டதும் ஆளைத் தெரிந்துவிட்டது.

அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். போனில் வருவதுதான் நிகழ்ச்சியின் கணக்கில் சேருமாம்.

அண்ணை அசரவில்லை. "எல்லாரும் கீழை வாங்கோ!"

வாசலில் காசு போட்டுப் பேசும் போன் ஒன்று இருந்தது. அதன்முன் அவர்களை வரிசையில் நிறுத்தினார். மேலே என் போன் அலற ஆரம்பித்தது. நடுங்கும் குரல் ஒன்று, "ஐ... கிவ்... ஃபைவ் டாலர்" என்றது. பின்னாலிருந்து அதட்டல்: "பத்தெண்டு சொல்லும்! கோட்டு மட்டும் புதுக் கோட்டு!"

நிகழ்ச்சி தப்பியது.

எல்லாரையும் கார்களில் ஏற்றிவிட்டு மேலே வந்தவரிடம், "என் தமிழே உங்களுக்குப் பிடிக்காதே, சார்?" என்று கேட்டேன்.

"பிடிக்கேல்லைத்தான். ஆனா பக்கத்து வீட்டுக்காரரோடை சண்டை பிடிச்சால் நாளைக்கு லிஃப்டிலை முகத்திலை முழிக்கேலாது. எனக்கும் சண்டை பிடிக்க ஆரும் வேணுமெல்லோ?"

பிறகு பெரிய நிலையங்களில் பேசிவிட்டேன். பாராட்டும் நிறையவே வந்தது. ஆனாலும் மைக்கின் முன் உட்கார்ந்தால், நான் பேசுவது அந்த ஒருவரிடம்தான்.