அமெரிக்கா அண்ணையின் தேயிலைப் போராட்டம்

அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யாரென்று கேட்டால், அமெரிக்கா அண்ணை என்றுதான் நான் சொல்வேன். அவர் அங்கே போனதே இல்லை. யாழ்ப்பாணத்தில் பஸ் கொண்டக்டர். அந்த நாட்டுச் சரித்திரத்தையும் பஸ் தரிப்புகள் மாதிரித்தான் சொல்லுவார்.

அப்போது ஹொல்ஸ்டெப்ரோ அகதி விடுதியில் இருந்தோம். அண்ணையின் மனைவியும் பிள்ளைகளும் ஊரில். அவர்களைக் கூப்பிட டென்மார்க் அனுமதி தரவேண்டும். வருகிற கடிதமெல்லாம் 'பொறுங்கள்' என்றே வரும். எனக்கு எழுத்துத் தெரியாது, இதைக்கூட மகள்தான் எழுதுகிறாள். ஆனால் அண்ணையின் முகத்தை நன்றாக வாசிப்பேன்.

"அடிமையள் விடுதலையாக அங்கை ஒரு உள்நாட்டுப் போரே நடந்தது, பிள்ளை. நாங்கள் இன்னும் அதுக்கு ரெண்டு தரிப்பு முன்னாலைதான் நிக்கிறம்," என்பார்.

இன்னொரு 'பொறுங்கள்' வந்த அன்று அண்ணை துள்ளி எழும்பினார்.

"பொஸ்டனிலை தேயிலையைக் கடலிலை கொட்டித்தான் சுதந்திரத்துக்கு வெளிக்கிட்டவங்கள். நாங்களும் கொட்டுவம். எடு தேயிலையை."

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? ஊர்த் தேயிலை. கொட்டுறதெண்டாலும் குடிச்சிட்டுக் கொட்டுவம்," என்றேன்.

அது அவருக்கும் நியாயமாகப் பட்டது. பெரிய சட்டியில் சாயத் தேத்தண்ணி ஊற்றி, ஆளுக்கு மூன்று கோப்பை குடித்தோம். சக்கையை வாளியில் அள்ளிக்கொண்டு ஆற்றுக்கு ஊர்வலம் போனோம். மூன்று கோப்பை வேலை செய்ததில், பாதிப் போராளிகள் பாதி வழியில் விடுதிக்குத் திரும்பி ஓடினார்கள். அதில் முதல் ஆள் என் மனுசன்.

அண்ணை வாளியைக் கவிழ்த்தார். பாலத்தில் நின்ற டெனிஷ் கிழவர், "இது மீனுக்குத் தீனியோ?" என்று கேட்டார். அண்ணை தன் அரைகுறை டெனிஷில் இங்கிலாந்து ராசாவில் இருந்து தொடங்கினார். கிழவர் ஒரு மணித்தியாலம் அசையாமல் கேட்டார். மறுநாள் தன் வீட்டுக் கோப்பிச் சக்கையோடு வந்து, இதையும் சேர்த்துக் கொட்டுங்கள் என்று தந்துவிட்டுப் போனார்.

கடைசிக் கடிதம் வந்தபோது அண்ணை, பங்குச்சந்தை விழுந்து, அமெரிக்கச் சனம் வேலையில்லாமல் ஒரு துண்டு பாணுக்கு வரிசையில் நின்ற கதையில் இருந்தார். "இனி அடுத்த தரிப்பு..." என்றபடி கடிதத்தை உடைத்தார். அந்த முகத்தை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. முன்பு அப்படியொரு முகம் அவரில் கண்டதில்லை.

"பிள்ளை, வருகினம்," என்றார்.

பிறகு குடும்பத்தோடு கோல்டிங் நகருக்குப் போய்விட்டார். கண்டால், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதை மட்டும்தான்.

பாண் வரிசையில் நின்ற அமெரிக்கா எப்படி எழும்பியதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பேரன் சொல்ல வந்தாலும் வாயைப் பொத்திவிடுவேன். அது அண்ணை சொல்லி முடிக்கவேண்டிய கதை.