மலேயாவை நான் மறித்த கதை

கல்யாண வீட்டு வாசலில் மாப்பிள்ளையை மறிக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் தென்காசிப் பக்கத்து மரியாதை அது. முறைக்காரர் ஒருவர் குறுக்கே நின்று, "யாரைக் கேட்டு உள்ளே போறேரு?" என்பார். வெற்றிலை பாக்கும் பழமும் கைக்கு வந்ததும் சிரித்துக்கொண்டே விலகுவார். மறிக்க ஆளில்லாத மாப்பிள்ளை கேட்க நாதியற்றவன். இதை எல்லாரும் அறிவார்கள் என்று நம்பியிருந்தேன். பல தேசத்துப் பெண்கள் கூடிய சபையில் அதே நம்பிக்கையோடு எழுந்து நின்றவள் நான் ஒருத்திதான்.

அப்போது மலேயா, மலேயாவாகவே இருந்தது. ஒரு சாரல் காலத்தில் குற்றாலத்தில் பெண்கள் மாநாடு போட்டார்கள். இலங்கை, பர்மா, மலேயாவிலிருந்தெல்லாம் வந்தார்கள். எங்கள் மேலகரம் மாதர் சங்கத்துக்குப் பிரதிநிதி நான். (கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு வாசிப்பேன். அதற்கு மேல் கேட்காதீர்கள். ஆனால் சங்கத்தில் என் குரலுக்கு மிஞ்சிய குரல் கிடையாது.)

முதல் நாள் சாயங்காலம் அருவிக்கரையில் மலேயாக்காரியோடு பேச்சுக் கொடுத்தேன். பெயர் பாத்திமா. அவளுடைய வாப்பா தென்காசிக்காரர். ஜவுளி விற்றவர், கப்பலேறிப் போனவர். விசாரித்தால், என் அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் 'மச்சான்' என்றே கூப்பிட்டுக்கொண்டவர்கள்!

"அப்பம் நீங்க எனக்கு மைனில்லா!" என்றாள். (மதினியைத்தான் எங்கள் பக்கத்தில் மைனி என்போம்.) பிறந்ததிலிருந்து அக்கரையில் இருந்தும் பேச்சு மாறவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் அவளைத்தான் மாநாட்டுத் தலைவியாகத் தேர்ந்தெடுப்பது என்று எல்லாரும் பேசி முடித்திருந்தார்கள். அதற்கு முன்னால் வந்தவர்களின் பிரதிநிதிச் சீட்டுகளைச் சரிபார்க்க வேண்டுமாம். விதியை ஒரு டீச்சரம்மா தமிழில் சொன்னார். "ஒவ்வொரு நாட்டுப் பேரா வாசிப்பாங்க. ஆட்சேபணை உண்டான்னு கேப்பாங்க. இருந்தா யாரும் எந்திச்சுச் சொல்லலாம். கமிட்டி விசாரிக்கும். சொன்னவங்களே திரும்ப வாங்கிக்கிட்டா அதோட முடிஞ்சுது."

மறிக்கலாம், பேசலாம், விலகலாம். இது நமக்குத் தெரிந்த கதைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

இலங்கை என்றார்கள். சத்தமில்லை. பர்மா என்றார்கள். அப்போதும் இல்லை. அடுத்து மலேயா. "ஆட்சேபணை உண்டா?" மாநாட்டுக் கொட்டகையில் ஒரு குஞ்சுகூட வாய் திறக்கவில்லை. என் மனம் கேட்கவில்லை. அத்தனை தூரம் கடல் தாண்டி அப்பன் ஊருக்கு வந்தவளை மறிக்க ஒரு நாதியில்லையா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன்.

"எனக்கு இருக்கு ஆட்சேபணை!"

சிரிப்பார்கள் என்று பார்த்தேன். கொட்டகை உறைந்துபோயிற்று. பாத்திமாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளுடைய சங்கம் மலேயாவில் இரண்டாக உடைந்திருந்ததாம். நாங்கள்தான் அசல், அவள் போலி என்று மற்றக் கூட்டம் சொல்லிக்கொண்டிருந்ததாம். நான் எழுந்ததும், அந்தக் கூட்டம் வைத்த ஆள் நான்தான் என்று அவள் நினைத்துவிட்டாள்.

எங்கள் இருவரையும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே மூன்று பேர் கமிட்டி. நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட பம்பாய் அம்மாள். டீச்சரம்மா மொழிபெயர்த்தார்.

"உங்களை அனுப்பியது யார்?"

"எங்க வீட்டுக்காரர்தான். காலையில பஸ் ஏத்திவிட்டாரு."

"ஆட்சேபணைக்குக் காரணம்?"

"அவ எனக்குச் சொந்தம்."

பம்பாய் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "சொந்தக்காரியை ஏன் எதிர்க்கிறீர்கள்?"

"சொந்தக்காரிதானே எதிர்க்கணும்? அசலூர்க்காரி எதிர்த்தா அது சண்டைல்லா!"

டீச்சரம்மா இதை ஆங்கிலத்தில் சொல்வதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. மூன்று பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். "சரி, திரும்பப் பெற்றுக்கொள்ள என்ன வேண்டும்?"

"பெருசா ஒண்ணும் வேண்டாம். வெத்தல பாக்கு, ஒரு சீப்புப் பழம்."

டீச்சரம்மா என் காதருகே குனிந்தார். "இத நான் சொல்லமாட்டேன் ஆச்சி. லஞ்சம் கேட்டதா எழுதிருவாங்க."

(எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. பயத்தில் அவர் வாயில் ஆச்சி வந்துவிட்டது.)

"சரி, ரெண்டே ரெண்டு பழம்னு சொல்லுங்க" என்று இறங்கி வந்தேன்.

அதற்குள் பாத்திமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "மைனி, நீங்க வாசல் மறிக்கியளா? அதுக்குத்தானா எந்திச்சிய?"

"பின்ன எதுக்குட்டி? ஒனக்கு ஆள் இல்லேன்னு நாலு தேசம் நினைக்கவா?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. பம்பாய் அம்மாளுக்கு அவளே இங்கிலீஷில் எல்லாவற்றையும் விளக்கினாள். அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு, பஜாருக்கு ஆள் அனுப்பச் சொன்னார். தட்டில் வெற்றிலை வந்தது, பழம் வந்தது. பாத்திமா நீட்ட, நான் வாங்கிக்கொண்டு, முறைப்படி ஓரடி விலகி நின்றேன்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு மணி அடித்தது.

சாப்பாட்டு மணிக்குள் தலைவியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், ஆட்சேபணை தீராதவர் போட்டியிட முடியாது என்று இன்னும் இரண்டு விதிகள் இருந்தனவாம். (எனக்கு யார் சொன்னார்கள்?) நாங்கள் வெளியே வந்தபோது இலங்கைக்கார அம்மாள் தலைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாத்திமாவின் சீட்டு செல்லும்; ஆனால் நாற்காலி போய்விட்டது.

என் கையில் பழம் கனத்தது. "ஏட்டி, ஒன் நாற்காலிய நான் தின்னுட்டேனே" என்றேன்.

பாத்திமா ஒரு பழத்தை உரித்து என் வாயருகே நீட்டினாள். "நாற்காலி எந்த ஊர்லயும் கெடைக்கும் மைனி. போலின்னு சொல்லுதவங்களத்தான் இம்புட்டு நாளும் பார்த்தேன். சொந்தம்னு சொல்லி மறிச்சது நீங்க ஒருத்திதான்."

சாயங்காலம் பர்மாக்காரிகள் இருவர் டீச்சரம்மாவைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். தங்களுக்கு ஏன் யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை என்று வருத்தமாம்.

மறுநாள் தறிக்காரப் பெண்களின் கூலிக்காகப் பாத்திமா எழுந்து பேசினாள் பாருங்கள், கொட்டகை அதிர்ந்தது. தலைவியாகியிருந்தால் மணியை அடித்துக்கொண்டு வாயை மூடித்தானே உட்கார்ந்திருப்பாள்? தலைவி பேசக்கூடாதாமே! அந்தப் பேச்சில் பாதிப் பங்கு எனக்கு உண்டு என்று நான் இன்றைக்கும் சாதிக்கிறேன். மறுப்பவர் யாரும் இதுவரை என் வீட்டுப் படி ஏறவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் கடைசிவரை விடவில்லை. குழம்பில் உப்பு கூடினால்கூட, "ஏட்டி, எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்கு, கமிட்டியக் கூப்பிடு" என்பார். இப்போது பேரப்பிள்ளைகள் முறை. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இவங்கதான் மலேயாவ ஒரு நாள் முழுக்க வாசல்ல நிறுத்தினவங்க" என்று அறிமுகம் செய்கிறார்கள்.

நான் உடனே திருத்திவிடுவேன். ஒரு நாள் முழுக்க இல்லை, சாப்பாட்டு மணி வரைக்கும்தான். ஆனால் நிறுத்தினது நிறுத்தினதுதான்.