தனியாகக் கிடந்த ஏழு பிளாக்குகள்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதும் புகார்க் கடிதம். இங்கு நானும் அம்மாவும் நலம். பழைய லேப்டாப்தான் விடாமல் இருமுகிறது. நீயும் அத்தானும் நலமென்று நம்பி, ஒன்பது வருடமாக மெசேஜில் சொல்ல வராததை முறைப்படி தெரிவிக்கிறேன்: நாம் கம்ப்யூட்டரில் சேர்ந்து செய்த வாத்து விளையாட்டின் கடைசிக் கட்டத்தை முடிக்காமல் நீ ஹாஸ்டலுக்குப் போனதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நூலகத்து மாடி அறையில் சனிக்கிழமைதோறும் புதியவர்களுக்குப் பிளாக் கோடிங் சொல்லித் தருகிறேன். ஒரு வரிகூட டைப் பண்ண வேண்டாம், கலர் கலரா பிளாக்கை இழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாப் போதும்னு நாம ஒரே நாற்காலியில பாதிப் பாதி உக்காந்து கண்டுபிடிச்சோமே, அதேதான். மொத்தமே நாலு பேர் வர்றாங்க. இன்னிக்கு ஏதாவது ஓட்டிக் காட்டலேன்னா அறையைச் சதுரங்க வகுப்புக்குக் கொடுத்துடுவேன்னு நூலகர் சொல்லிட்டார். வேற வழியில்லாம நம்ம வாத்தையே திறந்தேன். நீ மவுஸால வரைஞ்ச கோணல் ரோடு, சோப்புக்கட்டி மாதிரி காருங்க, எல்லாம் அப்படியே இருக்கு அக்கா! பிளக் பாயிண்ட் தேடி நான் மேஜைக்கு அடியில போன நேரம், முன்வரிசை தையல்காரம்மா, எதோடயும் சேராம மூலையில கிடந்த ஏழு பிளாக்கை எடுத்து, அமுக்கினா ஆட்டம் ஓடற பச்சைக்கொடிக்குக் கீழ காலியா இருந்த ‘எப்போதும்’ பிளாக்குக்குள்ள சொருகிட்டாங்க. “வாயைப் பொளந்துகிட்டு இருந்துச்சு தம்பி, உள்ள வெச்சுத் தெச்சுட்டேன்”ங்கறாங்க. நான் தலையில கை வைக்கறதுக்குள்ள நூலகர் வந்து கொடியை அமுக்கிட்டார்.

வாத்து ரோட்டைத் தாண்டுச்சு. நான் பார்த்தே இராத ஒரு கதவு திறந்துச்சு. “தம்பி, நான் ஊருக்குப் போனாலும் நீதான் ஜெயிச்சே”ன்னு வாத்து சொல்லிச்சு. ‘எப்போதும்’ ஆச்சே, நாமா நிறுத்தற வரைக்கும் ஓடுமே! திரும்பத் திரும்பப் பதினேழு தடவை. யாருய்யா அந்தத் தம்பின்னு நூலகர் கேட்டதுக்கு நாலு பேரும் என்னைக் கைகாட்டினாங்க. அறை பிழைச்சுது. என் கண்ணுல தூசி, வேற ஒண்ணுமில்ல.

ஆனாலும் புகார் புகார்தான். அந்த ஏழு பிளாக்கையும் ஒட்டாமல் போனது யார்? எழுத்துப்பூர்வமான மன்னிப்பை எதிர்பார்க்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம். உனக்கு அதுவும் கிடையாது.

இப்படிக்கு,
பாதி நாற்காலிக்காரன்

பி.கு.: இதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். “அவ பஸ் ஏறின அன்னிக்கு அழுதுகிட்டே கம்ப்யூட்டர்ல எதையோ பிச்சுப் போட்டது நீதானேடா”ன்னாங்க. ஞாபகம் வந்துடுச்சு. நீ ஒட்டி முடிச்சு வெச்சிருந்த ஏழையும் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமப் பிச்சுட்டேன். மேலே உள்ளது அத்தனையும் ரத்து. அடுத்த சனிக்கிழமை வா அக்கா. நான் ஓரமாத்தான் உக்கார்றேன்.